ஒரு எம்பி, நாலு எம்பி

பொறியியல் கல்லூரியை நான் மூன்றாம் ஆண்டோடு விட்டுவிட்டேன். பதினோரு அரியர். கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னேன். உண்மையில் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதன்பின் தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு நூற்பு மில்லில் இரவு ஷிப்ட். இரவு பத்து மணிக்கு உள்ளே போனால் காலை ஆறுக்கு வெளியே வருவேன். பகல் முழுக்கத் தூக்கம். விழித்திருக்கும் மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டர்.

2008ஆம் ஆண்டு அது. திண்டுக்கல்லில் அப்போது டூயல் கோர் என்றால் ஒரு மரியாதை. அதில் மலிவானதும் உண்டு, விலை கூடியதும் உண்டு. மலிவானதன் வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ். விலை கூடியதன் வேகம் 2.6க்கு மேல். இரண்டுக்குள்ளும் கணக்குப் போடும் கோர் இரண்டுதான். இன்னொரு வித்தியாசம் கேஷ். அது பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம். மலிவானதில் ஒரு எம்பி, விலை கூடியதில் நாலு எம்பி.

மலிவானதை வாங்கி வேகத்தை ஏற்றி, அதாவது ஓவர்கிளாக் செய்து, விற்பதுதான் என் பக்கத் தொழில். பிராசசரின் அடிப்பக்கம் முழுக்கத் தங்க நிறப் புள்ளிகளாக இருக்கும். அதில் குறிப்பிட்ட ஒரு புள்ளியை மெல்லிய டேப் துண்டால் மூடினால், மதர்போர்டு ஏமாந்துபோய் 1.8ஐ 2.4ல் ஓட்டும். அதற்கும் மேலே வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்புக்குள் போய் வோல்டேஜைக் கூட்டி ஏற்ற வேண்டும். மேட்டுப்பட்டியில் என் ஒற்றை அறையில் உட்கார்ந்து இப்படிப் பதினான்கு கம்ப்யூட்டர் செய்து கொடுத்திருந்தேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

ஏப்ரல் மாதம் ஒரு மதியம் மூன்று மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பினார்கள். ஒரு பெண்ணும் அவள் அப்பாவும்.

"சார்லஸ்ணே வீடு இதானே? ஆரிபா சொல்லி விட்டுச்சு. அதுக்கு நீங்கதான் சிஸ்டம் போட்டுக் குடுத்தீங்களாமே."

அவள் பெயர் இசைவாணி. சாணார்பட்டிக்காரி. காந்திகிராமத்தில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். அப்பா முனியப்பன், விவசாயி. அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். திறந்து கிடந்த இரண்டு கேபினட்டிலிருந்து வயர்கள் தரைவரை தொங்கிக்கொண்டிருந்தன.

"என்ன தம்பி, கொடலையெல்லாம் உருவி வெளிய போட்டிருக்கீக?"

"அப்பா, செத்த நேரம் சும்மா இருங்க," என்றாள் அவள்.

நிலத்தடி நீர் பற்றியது அவள் ஆய்வு. சாணார்பட்டியைச் சுற்றியுள்ள நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருந்தாள். மழை எவ்வளவு, கிணறுகள் உறிஞ்சுவது எவ்வளவு, தடுப்பணை ஒன்று கட்டினால் நிலத்துக்குள் இறங்குவது எவ்வளவு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள்வாரியாக முப்பது வருடம் கணக்குப் போட வேண்டும். புரோகிராம் அவள் எழுதியதே. அணையை ஐந்து இடங்களில் வைத்தும், அணையே இல்லாமல் ஒரு தடவையும் பார்க்க வேண்டும், ஆகவே ஆறு ஓட்டம். கோடை விடுமுறைக்கு லேப்பைப் பூட்டிவிட்டார்கள். ஜூன் ஐந்தாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகும்.

"அப்புறம் எங்க படிப்பு? மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுருவாக," என்றாள், அப்பா காதில் விழும்படியாகவே.

"ஆமா, வரிசைல நிக்கிறாங்கெ," என்றார் முனியப்பன்.

மிக்கேல்ராஜ் கடையில் நாலு எம்பி மெஷினுக்கு விலை கேட்டிருக்கிறார்கள். கட்டுப்படியாகவில்லை. மிக்கேல்ராஜ் என்னோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். படிப்பை முடித்துப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்தவன். அவன் பெயரைக் கேட்டாலே எனக்கு வாய் கொஞ்சம் நீளும்.

"கேஷ் சும்மா பேருக்குங்க. ஓட்டம்தான் முக்கியம். அவன் மெஷின் செய்யிறத நம்ம மெஷின் பாதி விலைக்குச் செய்யும்," என்றேன்.

டேப் ஒட்டி, 2.4ல் ஓடுகிற ஒன்றைக் கொடுத்தேன். ஒரு கோருக்கு ஒரு ஓட்டமாக, ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டம் போகலாம், பதினைந்து மணி நேரத்தில் முடியும் என்றேன்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தாள். தனியாக வந்தாள், சிபியூவை மடியில் வைத்தபடி பஸ்ஸில்.

"இருபத்தஞ்சு மணி நேரம் ஆகுதுண்ணே. எங்க ஊர்ல தெனமும் காலைல பத்துலருந்து பன்னெண்டு வரை கரண்ட் கட்டு. பன்னெண்டுக்கு ஆரம்பிச்சா மறுநாள் பத்துக்குள்ள முடியணும். இருபத்திரண்டு மணி நேரந்தான் எனக்கு. நடுவுல நின்னா முதல்லருந்து ஓட்டணும்."

எனக்குக் காரணம் புரிந்தது. மில்லில் நூல் சுற்றும் பாபின்களின் வண்டி மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றால் ஒரு ஆள் நாலு மெஷின் பார்ப்பார். பாபினுக்கு ஒவ்வொரு தடவையும் குடோனுக்கு நடக்க வேண்டுமென்றால், ஆள் ஓடினாலும் மெஷின் காத்துத்தான் கிடக்கும். கேஷ் என்பது அந்த வண்டி. அவளுடைய கட்டங்கள் ஒரு எம்பிக்குள் அடங்கவில்லை. அந்த ஒரு எம்பியையும் இரண்டு கோரும் பங்கு போட்டுக்கொண்டன. கேஷ் பேருக்குத்தான் என்று சொன்ன வாய் என்னுடையது. அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"ரெண்டு நாள் வச்சிட்டுப் போங்க. ஓட்டத்த ஏத்தித் தாரேன்."

வோல்டேஜைக் கூட்டி 3.15 வரைக்கும் கொண்டுபோனேன். பிராசசரைக் கசக்கிப் பிழியும் சோதனைப் புரோகிராம் ஒன்று உண்டு. எட்டு மணி நேரம் அது தடுமாறாமல் ஓடினால் மெஷின் உறுதி என்று அர்த்தம். எந்த மெஷினாக இருந்தாலும் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அதை ஓடவிட்டுப் போவேன். காலையில் வந்து பார்ப்பேன். பகலில் வைக்க வழியில்லை. அந்த ஃபேன் சத்தத்தில் தூங்க முடியாது. இதுவும் எட்டு மணி நேரம் சுத்தமாக ஓடியிருந்தது. கொடுத்தனுப்பினேன்.

மூன்று நாளில் போன் வந்தது. "பத்தொன்பது மணி நேரத்துல ரெண்டும் முடிஞ்சிருச்சுண்ணே! அம்புட்டு சந்தோசம்!"

அவள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. மிக்கேல்ராஜை ஜெயித்தது அதைவிடப் பிடித்திருந்தது.

மே இருபத்தைந்து வாக்கில் மறுபடி கூப்பிட்டாள். ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறதாம். ஆறு ஓட்டமும் முடிந்துவிட்டன, கைடு சார் பார்த்துவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்றாராம், கடைசி அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறாளாம். முந்தின இரவு எனக்கு வார விடுமுறை, தூங்கி எழுந்திருந்தேன். புது ஃபேன் ஒன்றை எடுத்துக்கொண்டு சாணார்பட்டிக்குப் போனேன்.

வீட்டை நெருங்கும்போது மதியம் ஒன்றரை மணி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மெஷின் இருந்த அறைக்குள் நுழைந்ததும் முகத்தில் அனல் அடித்தது. டியூப்லைட் எரிய மாட்டாமல் இரண்டு முனையிலும் சிவந்து துடித்துக்கொண்டிருந்தது.

"லைட்டுக்கு என்னாச்சு?"

"பகல்ல இப்படித்தான் தம்பி," என்றார் முனியப்பன். "திரீபேஸ் வந்திருச்சுல்ல. சுத்துப்பட்டுல இருக்கிற கெணத்து மோட்டாரெல்லாம் ஒண்ணா ஓடுது. நம்ம லைட்டுக்கு மிச்சம் மீதிதான் வரும். சாயங்காலம் பாருங்க, பளீர்னு எரியும்."

நான் கேபினட்டைத் திறந்தேன். உள்ளே கை வைக்க முடியவில்லை. இசைவாணி மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, ஒரு வேடிக்கை சொல்லட்டா? ஒரே ஓட்டத்த ரெண்டு தடவ ஓட்டுனேன், தெரியாமத்தான். ரெண்டும் கொஞ்சம் வேற வேற நம்பரா வந்திருக்கு. கம்ப்யூட்டர்னா அப்படித்தான் வரும் போல."

வராது. ஒரே கணக்கை ஆயிரம் தடவை கொடுத்தாலும் கடைசி இலக்கம் வரை ஒரே விடைதான் வர வேண்டும். மெஷின் நின்றுபோயிருந்தால் தெரிந்திருக்கும். இது நிற்காமல், கோளாறென்று நீலத்திரை காட்டாமல், சத்தமில்லாமல் தப்பாகக் கூட்டியிருக்கிறது. ஒருநாள் கணக்கில் விழுந்த தப்பின் மேல்தான் அடுத்த நாளின் கணக்கு நிற்கிறது. அப்படி முப்பது வருடம்.

நான் சோதனை செய்த இரவு நேரத்தில் என் அறையில் குளிர்ந்த காற்று வந்தது, கரண்டும் முழுசாக வந்தது. அவள் ஓட்டியது பன்னிரண்டு மணி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே, பாதிக் கரண்டில். பதினான்கு மெஷினையும் நான் தூங்கும் பகல் நேரத்தில் ஒரு நாள்கூடச் சோதித்ததில்லை.

"அது ரவுண்டிங், தசமத்த முழுசாக்குறது. சின்ன வித்தியாசம் வரத்தான் செய்யும்," என்றேன்.

"அதான பாத்தேன்," என்றாள்.

ஃபேனை மாட்டினேன். முனியப்பன் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். கத்தரிக்காய் வெஞ்சனம். சாப்பிடும்போது சொன்னார், "மூணாவது எடத்துல அணை கட்டினா நம்ம கெணத்துல நாலடி தண்ணி ஏறுமாம் தம்பி. பாப்பா கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச்சு. டீக்கடைல சொன்னேன், ஒரு பய நம்ப மாட்டேங்கிறான்."

சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து தூங்கப் பார்த்தேன். முடியவில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. சார் நன்றாக இருக்கிறது என்றுவிட்டார். அணையை ஒரு ஆய்வேட்டைப் பார்த்து யாரும் கட்டப்போவதில்லை. எல்லாக் கோணத்திலும் யோசித்துப் பார்த்தேன், பேசாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் வசதி. பதினொரு மணிக்கு எழுந்து சாணார்பட்டி பஸ்ஸில் ஏறினேன்.

அவள் பிரிண்ட் எடுத்த பக்கங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரவுண்டிங்னு சொன்னது பொய். மெஷின் தப்பாக் கணக்குப் போட்டிருக்கு. எது சரி, எது தப்புன்னு எனக்கே தெரியாது. ஆறையும் நம்ப முடியாது."

அவள் கையிலிருந்த பக்கங்களைக் கீழே வைக்கவில்லை.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"நேத்து உக்காந்து சோறு தின்னீங்கள்ல?"

அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவே இல்லை.

"இத மாதிரி இன்னும் எத்தன பேருக்குக் குடுத்திருக்கீங்க?"

"பதினாலு."

"அவங்ககிட்டயும் போய்ச் சொல்லுங்க. இப்ப எனக்கு வழி சொல்லுங்க. பத்து நாள்தான் இருக்கு. பைண்டிங்குக்கு ரெண்டு நாள் போயிரும்."

டேப்பைப் பிரித்து 1.8லேயே ஓட்டினால் தப்பு வராது. ஆனால் ஒன்றே ஒன்றை ஓட்டினாலும் இருபத்தாறு மணி நேரம். இரண்டு கரண்ட் கட்டுக்கு இடையில் அடங்காது. 2.4ல் ஒவ்வொன்றாக ஓட்டலாம் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"ஏத்துன எதுவும் எனக்கு வேணாம்."

மிச்சம் இருந்தது ஒரே வழி. திண்டுக்கல்லுக்குத் திரும்பி மிக்கேல்ராஜ் கடைக்குப் போனேன். மூன்று வருடமாக அந்தப் படியில் கால் வைத்ததில்லை.

"ஏலே, வாடா ஓவர்கிளாக்கு!" என்றான் அவன். "வழி தவறி வந்துட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். டிஸ்பிளேயில் வைத்திருக்கும் நாலு எம்பி மெஷினை ஒரு வாரம் அந்தப் பெண்ணுக்கு விட வேண்டும் என்று கேட்டேன். அவன் சிரித்துவிடுவான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ள முதல்ல எங்கிட்டதான் வந்துச்சு. கேஷ் வேணும்மா, ஒனக்குக் கட்டாயம் வேணும்னு சொன்னேன். நீ என்னலே சொன்ன?"

"பேருக்குன்னு சொன்னேன்."

"ம்." நாற்காலி ஒன்றை என் பக்கம் தள்ளினான். "மெஷினத் தாரேன். ஆனா நீயும் வந்து இங்கயே உக்காரணும். வர்ற கஸ்டமர்கிட்டெல்லாம் ஒரு எம்பியும் நாலு எம்பியும் ஒண்ணில்லன்னு உன் வாயால சொல்லணும். ஊரு பூரா நீ பேசுன பேச்சுக்கு எனக்கு அம்புட்டாவது வேணும்."

"சரி."

"சரியா? ஏலே, சண்டை போடுவேன்னு நெனச்சேன்டா," என்றான், ஏமாற்றமாக.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். ஒன்பது மணிக்கு இசைவாணி வந்தாள். முதல் இரண்டு ஓட்டத்தையும் ஆரம்பித்தோம். அந்த மெஷினின் வேகம் 2.66, கம்பெனி வைத்தபடியே. இரவு எட்டுக்கு இரண்டும் முடிந்துவிட்டன. ராத்திரி கடையைப் பூட்டிவிடுவான், கரண்ட் போனால் பார்க்க ஆளில்லை, அதனால் ஒரு நாளைக்கு இரண்டுதான். பதினொரு மணி நேரம். நான் 3.15க்கு ஏற்றியதில் பத்தொன்பது ஆனது.

கடையில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவேன். கஸ்டமர் வந்தால் மிக்கேல்ராஜ் ஸ்கேலால் முழங்காலில் தட்டுவான். இரண்டாம் நாள் மூக்கையா என்று ஒருவர் வந்தார். மகளுக்கு கம்ப்யூட்டர் வேண்டுமாம்.

"ஒரு எம்பிங்கிறாக, நாலு எம்பிங்கிறாக. ரெண்டுக்கும் என்ன தம்பி வித்தியாசம்?"

"புள்ள என்ன செய்யப் போகுது?"

"டைப் அடிக்கும். பாட்டுக் கேக்கும்."

"அப்ப வித்தியாசமே இல்லங்க. ஒரு எம்பியே போதும். மீதிக்கு நல்ல யுபிஎஸ் வாங்குங்க."

மிக்கேல்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். "உன்னய எதுக்குலே இங்க உக்கார வச்சேன்?"

மூலையில் மானிட்டருக்கு முன்னால் இருந்த இசைவாணி சிரித்துவிட்டாள். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அன்று மதியம் ஊரெல்லாம் கரண்ட் போனது. டவுனில் கட்டு காலை ஒன்பதுக்கு முன்பே முடிந்துவிடும், இது எதிர்பாராதது. யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும். ஓட்டம் ஆறாவது மணி நேரத்தில் இருந்தது. இசைவாணி எழுந்து வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்தாள். மிக்கேல்ராஜ் கடைக்குப் பின்னால் போனான். ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. நாலாவது இழுப்பில் பிடித்தது. மூன்று மணி நேரம் கடையில் வேறு எதையும் ஓட்டாமல், ஃபேனைக்கூடப் போடாமல், அந்த ஒரு மெஷினுக்காக ஜெனரேட்டரை ஓட்டினான். எரிபொருளுக்கு அவள் பணம் நீட்டியபோது, "இவன் பைக்குலருந்து உறிஞ்சிக்கிறேன்மா," என்றான். என்னிடம் பைக் கிடையாது.

மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்கு ஆறு ஓட்டமும் முடிந்தன. பழைய பக்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய எண்களைப் பார்த்தாள். மூன்றாவது இடத்து அணை. அவர்கள் கிணறு இருக்கும் கட்டம். முப்பது வருடத்தில் நாலடி ஏறும் என்று இருந்தது, இப்போது இரண்டடி இறங்கும் என்று வந்திருந்தது. அணையே இல்லாவிட்டால் ஆறடி இறங்கும். இறங்குவது குறையும், அவ்வளவுதான். ஏறாது.

பழைய பக்கத்தில் நாலடி என்றிருந்ததைப் பேனாவால் அடித்தாள்.

"அப்பா டீக்கடைல எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்திட்டாரு," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆறையும் இன்னொரு தடவ ஓட்டணும்."

"இந்த மெஷின்ல தப்பு வராது."

"நீங்க சொல்றீங்க."

மிக்கேல்ராஜ் நாட்காட்டியைப் பார்த்தான். இன்னும் மூன்று நாள் ஓட்டினால் பைண்டிங்குக்கு இரண்டு நாள்தான் மிஞ்சும். கடைசி அத்தியாயத்தை அதற்குள் திருத்த நேரமில்லை. ஓட்டம் போய்க்கொண்டிருக்கும்போதே எழுதலாம், ஆனால் எந்த எண்ணை வைத்து எழுதுவது?

"ஓட்டும்மா," என்றான் அவன். "நீ எழுத இன்னொரு மெஷின் போட்டுத் தாரேன்."

அந்த மூன்று நாளும் அவள் அத்தியாயத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. படங்களைச் சரிசெய்தாள், மேற்கோள் பட்டியலை ஒழுங்குபடுத்தினாள். அட்டவணைகளில் எண் வர வேண்டிய இடங்களைக் காலியாகவே விட்டாள். இரண்டாவது ஓட்டம் வேறு எதையாவது சொல்லும் என்று எதிர்பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது.

மதியம் கஸ்டமர் வராத நேரத்தில் நான் கடையை விட்டு இறங்கி, மெஷின் கொடுத்த வீடுகளுக்குப் போனேன். அந்த வாரத்தில் நாலு பேரைப் பார்க்க முடிந்தது. மூன்று பேர், "ஓடுதுல்ல, விடுப்பா," என்றார்கள். ஆரிபாவின் அம்மா பக்ருன்னிசா மட்டும் டேப்பைப் பிரிக்கச் சொன்னார். பிரித்துக் கொடுத்தேன். முன்னைவிட மெதுவாக இருக்கிறது என்று ஆரிபா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கடைசி நாள், ஆறாவது ஓட்டம் முடியும்போது எட்டரை. முனியப்பனும் மகளை அழைத்துப் போக வந்து வாசலில் நின்றிருந்தார். இசைவாணி இந்தக் கடையில் ஓட்டிய முதல் பிரிண்டையும் இரண்டாவது பிரிண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். அவள் இடது பக்கத்து எண்ணை வாசிக்க, நான் வலது பக்கத்து எண்ணை வாசித்தேன். மிக்கேல்ராஜ் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றான்.

மூன்றாவது ஓட்டத்தின் பக்கம் வந்தது. கிணற்றுக் கட்டம். அவள் வாசித்தாள். நான் வாசித்தேன். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம். ஆறும் ஒன்றுதான்.

பென்சில் அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு அந்த வரிக்கு எதிரே டிக் போட்டாள். மற்ற மூன்று ஓட்டத்தையும் பார்த்தோம். எதிலும் வித்தியாசம் இல்லை.

"என்ன பாப்பா, சரியா வந்திருச்சா?" என்றார் முனியப்பன், குனிந்து ஷட்டருக்கு உள்ளே வந்து.

"சரியா வந்திருச்சுப்பா. தண்ணி ஏறாது. ரெண்டடி இறங்கும்."

அவர் மகளைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், என்னையும் ஒரு தடவை பார்த்தார். "அதானே," என்றார் மெதுவாக. "போன தடவயே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு." அது பொய் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எத்தன மணிக்கு கடைசி பஸ்ஸு?" என்று கேட்டான் மிக்கேல்ராஜ்.

"இருக்கு, இருக்கு. நீ எழுது பாப்பா."

இசைவாணி இன்னொரு மெஷினுக்கு நகர்ந்தாள். கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். நீர்மட்டம் உயரும் என்று இருந்த தலைப்பை அழித்தாள். கீழே இருந்த நாலு பக்கத்தையும் தேர்ந்தெடுத்து ஒரேயடியாக அழித்தாள். வெள்ளைத் திரையில் முதல் வரியைத் தட்ட ஆரம்பித்தாள்.